மணியின் காது

மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு வைகாசி மாதத்தில், தென்மேல் பருவமழை ஹட்டன் மலைகளில் இறங்கிய முதல் வாரத்திலே, எமது வீட்டில் இரவு தோறும் ஓர் ஓசை கேட்கத் தொடங்கிற்று. ஈரத்துணியை யாரோ ஓயாது உதறுவது போன்ற ஓசை. எழுந்து விளக்கைப் போட்டுப் பார்த்தால், எமது நாய் மணி கூடத்தில் நின்று தலையை உதறிக்கொண்டிருக்கும். தொங்கு காதுகள் இரண்டும் கன்னத்தில் அடிபடும் ஓசைதான் அது. உதறி முடிந்ததும் பின்னங்காலால் காதைச் சொறியும், சொறியும்போதே முனகும். சுகமும் நோவும் அதில் ஒருங்கே இருந்தன போலும்.

நாய் என்றால் சொறியத்தான் செய்யும் என்று கூறிக்கொண்டு நாம் மறுபடியும் படுத்துவிட்டோம். வாரந்தோறும் இப்பத்தியிலே பிறருக்குப் புத்தி சொல்லி வரும் நாம், எமது வீட்டு நாயின் விடயத்தில் எத்தகைய அசட்டையுடன் இருந்தோம் என்பதை இன்று ஒளிக்காமல் எழுதிவிட எண்ணுகிறோம்.

முதலில் வீட்டு வைத்தியம் நடந்தது. நல்லெண்ணெயில் வெள்ளைப்பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, இரு காதுகளிலும் விட்டோம். பின்னர் குச்சியிற் பஞ்சு சுற்றித் துடைத்தோம். பழுப்பு நிற அழுக்கு வந்தது. வந்ததைக் கண்டு மகிழ்ந்து இன்னும் ஆழமாகத் துழாவினோம். எமக்குக் காதுவலி வந்தபோது வாங்கி மிஞ்சிய சொட்டு மருந்து அலுமாரியில் கிடந்தது. அதுவும் மணியின் காதுக்குப் போயிற்று. ஒரு வாரம் குணம் கண்டது. பத்தாம் நாள் பழையபடி உதறல். மீண்டும் சொட்டு மருந்து, மீண்டும் ஒரு வாரம் குணம், மீண்டும் உதறல். இவ்விதமாக இரண்டு மாதங்கள் கழிந்தன.

ஆடி மாதத்தில் ஒரு மாலை, பாடசாலை விட்டு வந்த எமது சிறிய மகள் வழக்கம்போல் மணியின் தலையைத் தடவினாள். அவளோடு ஒரே தட்டில் உண்ணும் அளவுக்குப் பழகிய அந்த நாய் சட்டெனத் திரும்பி, உறுமி, அவள் கையைக் கவ்வப் பாய்ந்தது. பல் படவில்லை. (பட்டிருந்தால், சிறு கீறலேயாயினும் பதினைந்து நிமிடம் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும், விசர்நாய்க்கடி விடயத்தில் நாளை என்பதே கிடையாது.) பிள்ளை அழவுமில்லை. கையை மார்போடு அணைத்துக்கொண்டு நாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அயலிலுள்ள பெரியவர் ஒருவர் செய்தி கேட்டு வந்தார். "கடிக்கப் பழகின நாய் வீட்டுக்கு ஆகாது. கினிகத்தேனைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுங்கள்" என்றார். நாம் இணங்கினோம். மறுநாளைக்கு வண்டியும் பேசியாயிற்று. எம் இல்லத்தரசியார் மாத்திரம், "முதலில் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள், வண்டிப் பேச்சை அப்புறம் பேசலாம்" என்றார்.

பேசிய வண்டி அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்துக்குத்தான் போயிற்று. வைத்தியர் ஓர் இளம் பெண்மணி. காதை மோந்து பார்த்தார். உள்ளே விளக்குக் கருவியால் நோக்குவதற்கு முன்னரே மணியின் முன்னங்காலைத் தூக்கி, விரல்களின் இடுக்கைப் பிரித்துப் பார்த்தார். அங்கே வெண்மயிர் செங்காவி நிறமாயிருந்தது.

"ஐயா, இது பாதத்தை நக்குகிற வழக்கம் உண்டா?"

"அட்டைக் கடி அம்மா. தேயிலைக்குள் ஓடித் திரிகிற நாய்" என்றோம் நாம்.

"அட்டை கடித்தால் கடித்த இடத்தை ஓரிரு நாள் நக்கும். நான்கு கால்களையும் மாதக்கணக்காக நக்குமா? எச்சில் ஊறி ஊறி மயிரின் நிறமே மாறியிருக்கிறது, பாருங்கள்" என்றார். வயிற்றுப் புறத்தையும் கக்கத்தையும் காட்டினார், தோல் சிவந்திருந்தது. மலையகத்தில் வாழும் நாம் எதற்கும் அட்டையின் மேற் பழிபோடப் பழகியவர்கள். அன்று அந்தப் பழக்கம் எம்மை வெட்கப்படுத்தியது.

நாயின் காது எமது காதைப் போன்றதன்று. மனிதரின் காதுக் குழாய் ஏறக்குறைய நேராகச் செவிப்பறையைச் சென்றடைகிறது. நாயினதோ முதலிற் கீழ்நோக்கி இறங்கி, பின்னர் உள்நோக்கித் திரும்புகிறது. தமிழ் நெடுங்கணக்கின் 'ட' என்னும் எழுத்தை எண்ணிக்கொண்டால் போதும்; நிமிர்ந்த கோட்டின் உச்சியிலே காதின் வாயில், படுத்த கோட்டின் முனையிலே செவிப்பறை. எமது பஞ்சுக் குச்சி செய்த வேலை யாதெனில், நிமிர்ந்த கோட்டிலிருந்த அழுக்கைப் படுத்த கோட்டினுள் தள்ளி அடைத்ததேயாகும். சொட்டு மருந்திலே அதைவிடப் பெரிய ஆபத்து இருந்தது. செவிப்பறை கிழிந்திருக்கும் வேளையில், ஜென்ரமைசின் போன்ற சில மருந்துகள் உள்ளே கசிந்தால் நாய் நிரந்தரமாகச் செவிடாகக்கூடும். மணியின் செவிப்பறை கிழியாதிருந்தது எமது புத்திசாலித்தனத்தால் அன்று.

காதின் அழுக்கைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயமிட்டு, நுணுக்குக்காட்டியில் எமக்கும் காட்டினார். நிலக்கடலைக் கோது போன்ற வடிவில் எண்ணற்ற உயிர்கள். மலசீசியா என்னும் மதுவம் அது. "இதுதான் நோயா?" என்று கேட்டோம். "இல்லை ஐயா. சுகமாயிருக்கிற நாயின் தோலிலும் இது கொஞ்சம் இருக்கும். இங்கே இத்தனை பெருகுவதற்கு இடங்கொடுத்தது எது என்றுதான் பார்க்க வேண்டும்" என்றார்.

வாசகர்கள் இந்த இடத்திற் சற்றே நிற்க வேண்டுகிறோம். காதின் உட்புறமும் தோல்தான். உடம்பின் தோல் ஒவ்வாமையால் தடித்துச் சிவக்கும்போது, காதுக் குழாயின் தோலும் தடிக்கிறது, குழாய் ஒடுங்குகிறது, மெழுகு மிகுதியாகச் சுரக்கிறது, வெப்பமும் ஈரமும் தங்குகின்றன. மதுவமும் பற்றீரியாவும் அங்கே குடியேறுகின்றன. நாம் இரண்டு மாதமாகக் குடியேறியவற்றைக் கொன்றுகொண்டிருந்தோம். வீட்டைத் திறந்து விட்டது யார் என்று ஒருநாளும் கேட்கவில்லை. தெள்ளு, காதுண்ணி, காதிற் புகுந்த புல்லின் கதிர் ஆகியனவும் நாயின் காதைக் கெடுப்பதுண்டு. ஆயினும் இரு காதுகளும் கெட்டு, பாதத்தை நக்குவதும் சேர்ந்து, மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்பி வருமாயின் ஒவ்வாமையையே முதலிற் சந்தேகிக்க வேண்டும்.

அலர்ஜி என்று மேல்நாட்டார் வழங்கும் சொல்லை 1906ஆம் ஆண்டில் உருவாக்கியவர் வியன்னா நகரத்துக் குழந்தை வைத்தியரான கிளெமென்ஸ் வொன் பிர்கே. அதன் மெய்ம்மையை 1921இல் ஜெர்மனியில் இருவர் விளக்கிய விதம் மாணவர்களுக்குச் சுவைக்கும். கூஸ்ட்னர் என்பவருக்குச் சமைத்த மீன் ஆகாது. அவரது குருதிநீரைச் சிறிதெடுத்து, மீனை நன்றாகவே உண்ணும் பிரௌஸ்னிட்ஸ் தமது தோலினுள் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியதும் அவ்விடம் தடித்துச் சிவந்தது. குருதியில் இருந்த ஏதோ ஒரு பொருளே இதைச் செய்கிறது என்பது தெளிவாயிற்று. அது ஒரு வகைப் பிறபொருளெதிரி என 1966இல் இஷிசாகா என்னும் ஜப்பானியத் தம்பதியர் அமெரிக்காவில் இனங்கண்டனர். மனிதருக்கே உரியதென எண்ணப்பட்ட இத்தொல்லை ஒரு நாய்க்கும் இருந்ததை விட்டிச் என்னும் அமெரிக்க வைத்தியர் 1941இல் எழுதி வெளியிட்டார். மகரந்தம் பறக்கும் பருவத்தில் மனிதருக்கு மூக்கொழுகும். நாய்க்குப் பெரும்பாலும் தோலே அரிக்கும்.

மணியை மயக்கி, காதைக் கழுவி, மதுவத்துக்கும் வீக்கத்துக்குமான சொட்டு மருந்தை வைத்தியர் தந்தார். இரண்டு வாரத்தில் மீண்டும் நுணுக்குக்காட்டியிற் பார்த்த பின்னரே நிறுத்தலாம் என்றார். அதன் பின் வந்தது உணவுச் சோதனை. நாய்களுக்கு ஒவ்வாத உணவுகளில் அடிக்கடி காணப்படுவன மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை என்பன. எது என்று அறியக் குருதிப் பரிசோதனையை நம்புவதற்கில்லை. அது முன்னர் தின்றறியாத ஓர் ஊனையும் ஒரு மாப்பொருளையும் மாத்திரம் எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பதே வழி. எமது வீட்டில் மீன் சமைப்பது அருமை. ஆகவே அவித்த மீனும் நுவரெலியா உருளைக்கிழங்கும் என்று முடிவாயிற்று. உப்பில்லை, வெங்காயமில்லை. மீன் விலையைப் பற்றி இங்கே பேசாமல் விடுகிறோம்.

நான்கு வாரம் சென்றும் பாதத்தை நக்குவது குறையவில்லை. சோதனை பொய்த்தது என்று நாம் சலித்துக்கொண்ட ஓரிரவு, மகள் எமதருகில் வந்து நின்றாள்.

"அப்பா, நான்தான் ரொட்டி கொடுத்தேன். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சம்."

"ஏன் அம்மா?"

"அவன் திரும்பவும் என்னைக் கடிக்க வந்துவிடுவானோ என்று பயம். ரொட்டி கொடுத்தால் பழையபடி சிநேகமாவான் என்று நினைத்தேன்."

நாம் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. அன்று மணி உறுமியது அவள்மேற் கொண்ட கோபத்தால் அன்று, புண்ணான காதில் கை பட்ட நோவினால் என்பதை அதுவரை எவரும் அவளுக்கு எடுத்துச் சொல்லவில்லை. அக்குற்றம் எமது. சொன்னோம். நெடுநேரம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் நான் தொட்டது அவனுக்கு வலித்திருக்கிறது" என்றாள்.

மறுநாள் முதல் எட்டு வாரக் கணக்கை மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினோம். நாட்காட்டியிற் கோடு போடும் பொறுப்பை அவளே ஏற்றுக்கொண்டாள். ஆறாம் வாரத்தில் பாதத்து மயிர் அடியிலிருந்து வெண்மையாக வளரலாயிற்று. எட்டாம் வாரத்தில் காதில் நாற்றமில்லை. இத்துடன் சோதனை முடியவில்லை. பழைய உணவை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துப் பார்த்தால்தான் அது நிரூபணம். பால் கொடுத்தோம், ஒன்றுமில்லை. மாட்டிறைச்சி கொடுத்தோம், ஒன்றுமில்லை. கோதுமை ரொட்டி கொடுத்த நான்காம் நாள் இரவு, கூடத்தில் ஈரத்துணி உதறும் ஓசை கேட்டது. தோட்டப்புறத்தின் அன்றாட ரொட்டிதான் எமது நாய்க்கு ஆகாததாயிருந்தது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். அடுத்த வைகாசியில் காது மீண்டும் சிவந்தது, முன்னளவுக்கு இல்லை. உணவு ஒவ்வாமையோடு சூழலின் ஒவ்வாமையும் ஒரே நாயிடம் சேர்ந்திருப்பது அரிதன்று. 4,000 அடிக்கு மேலான உயரத்திலுள்ள எமது ஊரில், மழை தொடங்கினால் உடுத்த துணி உலர நாட்கள் பிடிக்கும். இலங்கையிலேயே மிகுந்த மழை பெய்யும் இடங்களுள் ஒன்றான வட்டவளை எமக்கு அயல். ஈரக் காற்றிலுள்ள நீரை உறிஞ்சியே வாழும் தூசிச் சிற்றுண்ணிகளுக்கு இதனினும் நல்ல நாடு வேறில்லை. மணி படுத்ததோ பழைய கம்பளி ஒன்றில். கொழுந்து பறிக்கும் பெண்கள் தலைமுறை தலைமுறையாக மழைக்குப் போர்த்திய அந்தக் கம்பளி நாய்க்கும் இதமாயிருந்தது, சிற்றுண்ணிக்கும் இதமாயிருந்தது. அதை அகற்றி, இரண்டு பருத்தி விரிப்புகளை மாற்றி மாற்றி வாரந்தோறும் கொதிநீரில் அலசி அடுப்பங்கரையில் உலர்த்துகிறோம்.

ஒவ்வாமை அடியோடு தீரும் நோயன்று. அரிப்பை அடக்கும் ஸ்டீரொயிட் மாத்திரைகள் விரைந்து வேலை செய்யும். நீடித்தால் தாகமும் பசியும் மிகுந்து, வேறு கேடுகளும் விளையும். ஒக்லாசிட்டினிப் என்னும் புதுவகை மாத்திரைக்கு 2013இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது; நற்பலன் தருவது, ஆனால் விலை உயர்ந்தது. உள்ளூரில் தீராத காதுகளைப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியப் பீடத்தின் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லலாம். எமக்கு அந்த அவசியம் நேரவில்லை. காது கழுவும் திரவத்தை உடல் வெப்பத்துக்குச் சூடாக்கி, குழாய் நிறைய விட்டு, காதின் அடியை வெளிப்புறமிருந்து பிசைந்து, நாயே உதறிக்கொள்ள விட்டு, பின்னர் விரல் எட்டும் தூரம் மாத்திரம் பஞ்சால் ஒற்றியெடுக்கிறோம். குச்சியை வீட்டிலேயே வைத்திருப்பதில்லை. புண்ணான காதில் வினாகிரியும் ஸ்பிரிட்டும் விடலாகாது. தலை ஒருபுறம் சாய்ந்தாலோ, நடை தள்ளாடினாலோ, உதறி உதறிச் செவிமடல் இரத்தங் கட்டித் தலையணை போல் உப்பினாலோ அன்றே வைத்தியரைக் காண வேண்டும்.

மகளுக்கு இப்போது பத்து வயது. ஞாயிறு காலைகளில், பத்திரிகையின் சிறுவர் பக்கத்தைப் பிரிப்பதற்கு முன், மணியின் காதை மெல்லத் திருப்பி மோந்து பார்க்கிறாள். சென்ற ஞாயிறும் வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. "இந்தக் கிழமை வாசமில்லை, அப்பா" என்றாள். மணி வாலை ஆட்டிக்கொண்டு, மேசைமேலிருந்த ரொட்டித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.