படிவம் ஒன்றுக்குப் போன பிள்ளை கெட்டுப்போகவில்லை



தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை வாய் ஓயாமல் பேசிய பிள்ளை, படிவம் ஒன்றுக்குப் போனதும் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. கேட்டால் எரிந்து விழுகிறான். நெகிரி செம்பிலானில் லாபு, ரந்தாவ், லிங்கி, பகாவ் என்று எந்தத் தோட்டத்திலும் பெற்றோர் சொல்லும் குறை இது. “பையன் கெட்டுட்டான்” என்று பெரியவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு தவறு.

பதின்ம வயதில் மூளை இன்னும் வளர்கிறது. அமெரிக்க மூளை ஆய்வாளர் ஜே கீட் குழுவினர் எம்.ஆர்.ஐ. படங்களைக் கொண்டு 1999இல் இதைக் காட்டினார்கள். பரபரப்பை நாடும் பகுதிகள் பருவமடையும்போதே வேகமெடுக்கின்றன. பின்விளைவை எண்ணிப் பார்க்கும் நெற்றிப்பகுதி முதிர 25 வயதுகூட ஆகலாம். உறக்கத்துக்கான மெலடோனினும் இந்த வயதில் இரவு தாமதமாகவே சுரக்கிறது. விடியலில் பள்ளி பஸ்ஸுக்கு எழ மறுப்பதெல்லாம் சோம்பல் அல்ல.

கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தால் துணிச்சல் இன்னும் ஏறும். உளவியலாளர்கள் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், கணினியில் கார் ஓட்டிய பதின்ம வயதினர் நண்பர்கள் முன்னிலையில் மிகுதியாக ஆபத்தை நாடினர். பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. 2017 பிப்ரவரி 18 அதிகாலையில் ஜொகூர் பாருவில், மாற்றியமைத்த சைக்கிள்களில் கூட்டமாகச் சென்ற பிள்ளைகளில் 8 பேர் கார் மோதி இறந்தனர். எல்லாரும் 13 முதல் 16 வயதுக்குள்தான்.

தோட்டத்துப் பிள்ளைக்கு அதே வயதில் இன்னொரு மாற்றமும் வருகிறது. எல்லாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட சிறிய பள்ளியை விட்டு, மலாய்மொழியில் நடக்கும் பெரிய இடைநிலைப்பள்ளிக்குப் போகிறான். சிலருக்கு இடையில், மலாய்மொழிக்குத் தயார்ப்படுத்தும் புகுமுக வகுப்பில் ஒரு வருடம்.

வீட்டு நிலையும் மாறிவிட்டது. முன்பு ரப்பர் பால்வெட்டுக் காலத்தில் அப்பா மதியமே வீடு திரும்புவார். லயத்தில் பத்துக் கண்கள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும். இன்று நீலாய், செனவாங் தொழிற்சாலைகளில் அம்மா இரவு ஷிப்டு. அவர் வரும்போது பிள்ளை பள்ளிக்குப் போயிருப்பான்.

2022 தேசிய சுகாதார ஆய்வில், மலேசியப் பதின்ம வயதினர் நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் தெரிந்தன. மனச்சோர்வு அடித்துத் திருத்தும் காரியம் அல்ல.

கோயில் மண்டபத்தையும் பந்துத் திடலையும் மாலையில் பிள்ளைகளுக்குத் திறந்து விடுங்கள். தமிழ் இளைஞர் மணிமன்றத்து அண்ணன்மார் உடன் இருக்கட்டும். சாப்பிடும் நேரத்தில் மதிப்பெண்ணைக் கேட்காமல் நண்பர்களைப் பற்றிக் கேளுங்கள். பிள்ளை நாள் கணக்கில் ஒடுங்கிக் கிடந்தால் பள்ளி ஆலோசக ஆசிரியரைப் பாருங்கள்; 15555 என்ற ஹீல் (HEAL) மனநல உதவி எண்ணையும் அழைக்கலாம். தயங்காதீர்கள்.