‘ஸ்டேல்மேட்’ என்றால் என்ன? செஸ் போர்டில் இருந்து ஆளுநர் - அரசு மோதல் வரை வந்த வார்த்தையின் கதை

தமிழ்நாட்டில் ஆளுநருக்கும் அரசுக்கும் நடந்த மசோதா மோதலை ஆங்கிலச் செய்திகளில் படித்தவர்களுக்கு ‘ஸ்டேல்மேட்’ என்ற வார்த்தை பழகியிருக்கும். தமிழில் அதை ‘முட்டுக்கட்டை’ என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றுதானா?

செஸ்ஸில் என்ன அர்த்தம்?

கருப்பு ராஜா போர்டின் மூலையில் தனியாக நிற்கிறது. அதற்கு யாரும் செக் வைக்கவில்லை. ஆனால் பக்கத்தில் இருக்கிற மூணு கட்டத்திலும் எதிராளியின் ராணி கண் வைத்திருக்கிறது. நகர்த்த வேறு காயும் இல்லை. ஆட வேண்டியதோ கருப்புதான். இதுதான் ஸ்டேல்மேட். ஆட்டம் அங்கேயே டிரா, ஆளுக்கு அரைப் புள்ளி. ஜெயிக்க வேண்டியவர் அவசரப்பட்டு இப்படிக் கோட்டை விடுவது, புதிதாக ஆடுகிறவர்களிடம் சகஜம்.

‘மேட்’ என்பது ‘ஷா மாத்’ என்ற பாரசீகச் சொல்லில் இருந்து வந்தது. ‘ராஜா செத்துட்டார்’ என்று பலரும் அர்த்தம் சொல்வார்கள். ‘ராஜா வழியில்லாமல் நிற்கிறார்’ என்பதே பொருத்தம் என்பது மொழி ஆய்வாளர்கள் பலரின் கருத்து. ‘ஸ்டேல்’ என்றதும் பழைய ரொட்டி ஞாபகம் வரும். அது வேற. இது பழைய பிரெஞ்சு வழியாக வந்த, ‘நின்றுபோன நிலை’ என்ற பொருள் உள்ள சொல்.

எப்போதும் டிராவா?

இல்லை. அரபு நாடுகளின் ஷத்ரஞ்ச் ஆட்டத்தில், ஸ்டேல்மேட் ஆக்கியவருக்கு வெற்றி. 17, 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அப்படியே தலைகீழ், ஆக்கியவருக்குத் தோல்வி! அங்கே டிரா என்று முடிவானது 19ஆம் நூற்றாண்டில்தான். சீனச் செஸ்ஸில் நகர முடியாதவர் இன்றைக்கும் தோற்றவர்தான்.

மசோதா விவகாரத்துக்கு இது பொருந்துமா?

2020 முதல் 2023 வரை சட்டமன்றம் அனுப்பிய மசோதாக்கள் ஆளுநர் மாளிகையில் தேங்கின. அரசு உச்ச நீதிமன்றம் போனது. 2023 நவம்பரில், அப்போதைய ஆளுநர் ஆர்.என்.ரவி 10 மசோதாக்களைத் திருப்பி அனுப்பினார். நவம்பர் 18ஆம் தேதி சிறப்புக் கூட்டம் போட்டு சட்டமன்றம் அவற்றை மறுபடியும் நிறைவேற்றியது. அதன் பிறகு அவர் அவற்றை ஜனாதிபதிக்கு அனுப்பினார்.

இங்கேதான் வார்த்தை இடிக்கிறது. ஸ்டேல்மேட் என்றால் நகரவே முடியாது. ஆனால் அரசியலமைப்பின் 200ஆவது பிரிவு ஆளுநருக்கு வழிகளைத் தந்திருக்கிறது: ஒப்புதல் தரலாம், நிறுத்தி வைக்கலாம், ஜனாதிபதிக்கு அனுப்பலாம். நகர்த்தக் காய் இருந்தும் நகர்த்தாமல் இருப்பதற்கு செஸ்ஸில் ஸ்டேல்மேட் என்று பெயர் இல்லை. கடிகாரம் ஓடும், நேரம் தீர்ந்தால் தோல்வி. அவ்வளவுதான்.

அந்தக் கடிகாரத்தைத்தான் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 8ஆம் தேதி வைத்தது. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, ஒரு மாதம் முதல் 3 மாதம் வரை கெடு விதித்து, அந்த 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாக அறிவித்தது. பிறகு ஜனாதிபதி 14 கேள்விகளை அனுப்ப, 5 நீதிபதிகள் அமர்வு நவம்பர் 20ஆம் தேதி கருத்து சொன்னது: நீதிமன்றம் கெடு வைக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும் முடியாது. காரணமே சொல்லாமல் நீண்டகாலம் இழுத்தால் ‘முடிவெடுங்கள்’ என்று மட்டும் உத்தரவிடலாம். அதாவது, வைத்த கடிகாரத்தை எடுத்தாயிற்று.

அந்த வகையில் தமிழ் வார்த்தையே மேல். முட்டுக்கட்டை என்பது தேர்ச் சக்கரத்துக்கு அடியில் கொடுக்கிற கட்டை. தேர் தானாக நின்றுவிடவில்லை, ஒருவர் கட்டை போட்டார் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. போட்டவர் யார் என்பதில்தான் இரு தரப்புக்கும் சண்டை. ‘ஸ்டேல்மேட்’ என்று எழுதிவிட்டால் அந்தக் கேள்வியே வராது.

பாதிப்பு யாருக்கு?

அந்த 10 மசோதாக்களில் பெரும்பாலானவை பல்கலைக்கழகம் சம்பந்தப்பட்டவை. துணைவேந்தரை நியமிப்பது யார் என்பதே முக்கியப் பிரச்சினை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்ட்டில் காலியான பதவி நிரப்பப்படாமல் கிடந்தது. ஏப்ரல் தீர்ப்புக்குப் பின் அரசு கொண்டுவந்த நியமனச் சட்டங்களுக்கும் 2025 மே 21ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

புதுக்கோட்டை மாவட்டத்தின் அரசுக் கலைக் கல்லூரிகள் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. 2025இல் துணைவேந்தர் இல்லாத பட்டியலில் அதுவும் சேர்ந்தது. கறம்பக்குடியில் இருந்து பஸ் ஏறி கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் வாங்கப்போவது அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தைத்தான்.