ரசீது இல்லாத மறுப்பு

சிறுநகரத்தில் வாடகைக்கு வீடு தேடினால் யாரும் நேரடியாகச் சாதியைக் கேட்பதில்லை. "சொந்த ஊர் எது? அங்க எந்தத் தெரு? அப்பா என்ன வேலை? கவிச்சி சமைப்பீங்களா?" இந்த நான்கு கேள்விகளிலேயே அவர்கள் கணக்கு முடிந்துவிடும். மறுநாள் போன் செய்தால், "மகன் குடும்பத்தோட வர்றான், வீடு இல்லை" என்பார்கள். 'டு-லெட்' பலகை மட்டும் அடுத்த மாதமும் தொங்கும். முனைவர் பட்ட ஆய்வுக்காக வந்த ஊரில் இந்தப் பதிலை நான் 9 வீடுகளில் கேட்டேன். பெருநகரத்திலாவது கூட்டத்தில் மறைந்துகொள்ளலாம். சிறுநகரத்தில் தெருவின் பெயரே சாதிச் சான்றிதழ்.

1917இல் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பி பரோடா சமஸ்தானப் பணியில் சேர்ந்த அம்பேத்கருக்குத் தங்க இடமில்லை. பார்சி பெயரில் ஒரு பார்சி விடுதியில் தங்கினார். தடியோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். இன்று தடிக்குப் பதில் புன்னகை இருக்கிறது. வெளியேற்றம் மாறவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. தீண்டாமையின் பேரில் ஒருவர் எந்தப் பகுதியிலும் குடியிருப்பதைத் தடுப்பது, 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் "வீடு இல்லை" என்ற வாய்வார்த்தையை எப்படி நிரூபிப்பது? வாடகை ஒப்பந்தத்தை எழுதிப் பதியச் சொல்லும் தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம், ஒப்பந்தம் ஆன பிறகுதான் பேசத் தொடங்குகிறது. நம்மை நிறுத்துவது அதற்கு முன்பே, வாசற்படியில்.

அதனால்தான் அரசு மானியத்தில் வரும் வாடகை வீடுகளைச் சாதி ஒழிப்புக் கோரிக்கையாகப் பார்க்கிறேன். வீட்டுக்காரர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அரசு சொல்லியாக வேண்டும். விண்ணப்பத்துக்கு ரசீது உண்டு. பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும்.

2024இல் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வாடகை வீடும் ஒரு பிரிவு. அதில் ஒரு சொல் நம் பிள்ளைகளைக் குழப்புகிறது: இ.டபிள்யு.எஸ். 2019இல் வந்த 10 விழுக்காடு இட ஒதுக்கீட்டில் அந்தச் சொல் பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பிற்படுத்தப்பட்டோரையும் விலக்குகிறது. "அது நமக்கில்லை" என்று பலர் விலகிக்கொள்கிறார்கள். வீட்டுத் திட்டத்தில் அது வருமான வரம்பு மட்டுமே: குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை. சாதி தடையில்லை. உதவித்தொகையில் காலம் தள்ளும் ஆய்வு மாணவர் பலர் இந்த வரம்புக்குள்தான் இருக்கிறோம்.

நான் இங்குள்ள அலுவலகத்தில் விசாரித்தபோது, "வாடகைக்கா? சொந்த வீடுன்னா எழுதிக் கொடுங்க" என்றார்கள். இடமோ சேமிப்போ உள்ளவருக்குத்தான் சொந்த வீட்டுத் திட்டம் பயன்படும். இரண்டும் பல தலைமுறைகளாக யாருக்கு மறுக்கப்பட்டன என்பதைச் சொல்லத் தேவையில்லை. வருமானச் சான்று, சாதிச் சான்று, ஆதார், படிப்புச் சான்று ஆகியவற்றின் நகல்களை இணைத்து, வாடகை வீடு கேட்டே மனு கொடுத்தேன். முத்திரை வைத்த ரசீது கையில் இருக்கிறது. வீடு இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் இந்த ஊரில் ஒருவர் கேட்டார் என்பது இப்போது கோப்பில் இருக்கிறது. நூறு பேர் கேட்டால், "இங்கே தேவை இல்லை" என்று எழுத முடியாது.

அரசு கட்டினால் மட்டும் போதுமா? கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் நம் முன் இருக்கின்றன. சென்னையின் உழைக்கும் மக்களை ஊருக்கு வெளியே தள்ளிவிட்டு, அதற்கு மறுவாழ்வு என்று பெயர் வைத்தார்கள். வாடகை வளாகமும் புறவழிச்சாலைக்கு அப்பால் போனால், அது மானியத்தில் கட்டிய சேரிதான்.

ஆகவே, வாடகை வீடுகள் நகருக்குள், பேருந்து நிலையமும் கல்லூரியும் மருத்துவமனையும் எட்டும் தூரத்தில் வேண்டும். எல்லாச் சாதியினரும் கலந்து வாழும்படி வெளிப்படையான குலுக்கலில் ஒதுக்கி, பட்டியலை வெளியிட வேண்டும். சாதி, மதம் பார்த்து வீடு மறுப்பது குற்றம் என்பதை மாநில வாடகைச் சட்டத்திலேயே எழுத வேண்டும்.

அதுவரை, தோழர்களே, வீடு கேட்டு எழுதுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.