லோடு வண்டிக்கு இரும்பு பிளாக்தான் சரி

அலுமினியம்னா லேசு, லேசுன்னா நல்லது. நம்ம வகுப்பில் பாதிப் பேர் யோசனையை இதோடு நிறுத்திவிடுகிறார்கள். 2022-ல் ஸ்கார்பியோ கிளாசிக்கில் முழு அலுமினிய எம்ஹாக் இன்ஜினை வைத்த மஹிந்திரா, பழசைவிட 55 கிலோ குறைவு என்றது. ஆள் ஏற்றும் வண்டிக்கு அது நல்ல முடிவு. டீசல் மிச்சம், ஓட்டவும் சுகம். அதையே லோடு பிக்கப்பிலும் போட்டால் என்ன என்று கேட்டால், வேண்டாம் என்பேன்.

வத்திராயிருப்பில் தேங்காய் ஏற்றிக் கேரளா கிளம்பும் பிக்கப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜபாளையம், செங்கோட்டை தாண்டி, புளியரை எஸ் வளைவில் ஏறுகிறது. சித்திரை வெயில், இரண்டு டன் லோடு (அது ஆர்.சி. புக் கணக்கு, நிஜக் கணக்கு வேற), செகண்ட் கியர். வண்டி மெதுவாகப் போவதால் ரேடியேட்டருக்குக் காற்று குறைவு. இன்ஜினுக்கோ முழு பாரம். அமெரிக்காவில் பின்னால் ட்ரெய்லர் கட்டி இழுக்கிறார்கள், நாம் முதுகிலேயே ஏற்றுகிறோம். இன்ஜினுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

அலுமினியம் இரும்பைவிடச் சூட்டை வேகமாகக் கடத்தும், உண்மை. கூலன்ட் சுற்றும்வரை அது லாபம். ஹோஸ் வெடித்துத் தண்ணி காலியானால்? அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். பதப்படுத்தி ஏற்றிய வலு, 200 டிகிரிக்கு மேல் சூடேறினால் இறங்கத் தொடங்கும். ஆறின பிறகும் திரும்பி வராது. ஹெட் வளைந்தால் லேத்தில் கொடுத்து ஃபேஸிங் பண்ணிக்கலாம். பிளாக்கே வளைந்தால்தான் பெரிய செலவு.

தேய்மானத்திலும் இதே கதைதான். இரும்பு பிளாக் என்றால் ரீபோர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம், அதுவும் தேய்ந்தால் லைனர் இறக்கலாம். நம்ம பக்கத்து லேத் பட்டறைக்கு இது பழகின வேலை. அலுமினிய பிளாக்கில் பெரும்பாலும் மெல்லிய லைனரை வார்க்கும்போதே பதித்துவிடுவார்கள். சிலதில் லைனரே கிடையாது, தெளித்த பூச்சு மட்டும்தான். அதில் ரீபோருக்கு இடம் குறைவு. பிளாக் மாற்றுகிறவரை வண்டி நிக்கும், டியூ நிக்காது.

அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-150 அலுமினிய பிளாக்கோடு ஐந்து டன்னுக்கு மேல் இழுக்கிறதே என்பார்கள். இழுக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் தினசரி காராக ஓடி, எப்போதாவது இழுக்கும் வண்டி. தினமும் பாரம் சுமக்கிற பெரிய பிக்கப்புகளுக்காக அதே ஃபோர்டு 2020-ல் கொண்டுவந்த 7.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், இரும்பு பிளாக். டொயோட்டா ஹைலக்ஸின் 2.8 லிட்டர் டீசலும் இரும்பு பிளாக், மேலே அலுமினிய ஹெட். எனக்குப் பிடித்த கூட்டணி அதுதான்.

55 கிலோ மிச்சமானால் கூடுதலாக லோடு ஏற்றலாமே? ஏற்றலாம், உரித்த தேங்காய் ஒரு நூறு. இரண்டு டன்னில் அது மூன்று சதவீதம்கூட இல்லை. நாளைக்கு அலுமினிய பிளாக்கோடு ஒரு பிக்கப் வந்தால், ஷோரூமில் மைலேஜ் கேட்கும் முன் இதைக் கேளுங்கள்: ரீபோர் பண்ண முடியுமா, ஓவர்சைஸ் பிஸ்டன் ராஜபாளையத்தில் கிடைக்குமா?