தேநீர் கொடுத்தவர்களின் காது

லண்டன் செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் ஆலயத்தின் குரு சாட் வாரா, 1953 நவம்பரில், தற்கொலை எண்ணத்தில் தவிப்போருக்காக ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார். அதற்கான தூண்டுதல் பழையது: 1935இல் அவர் நடத்திய முதல் அடக்க ஆராதனை 14 வயதுச் சிறுமிக்கு. மாதவிடாயைக் கொடிய நோய் என்று அஞ்சி உயிரை மாய்த்துக்கொண்டவள். விவரம் சொல்ல அவளுக்கு ஆள் இல்லை. உதவி தேடி நேரில் வந்து வாராவைப் பார்க்கக் காத்திருந்தவர்கள், தேநீர் கொடுத்த தன்னார்வலர்களிடம் மனம்விட்டுப் பேசினார்கள்; பலர் பாரம் இறங்கி, அவரைப் பார்க்காமலே கிளம்பினார்கள். அறிவுரையைவிடக் காதுகொடுப்பதே பெரிது என்று கண்டுகொண்டவர், 1954 தொடக்கத்தில் தொலைபேசியை அந்தத் தன்னார்வலர்களிடமே ஒப்படைத்தார். லூக்கா நற்செய்தியின் நல்ல சமாரியன் உவமையை நினைவூட்டி ஒரு நாளிதழ் இட்ட தலைப்பே இப்படி உருவான அமைப்பின் பெயராக நிலைத்தது. ஆனால், அழைப்பவரிடம் மதம் பேசக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. விசுவாசத்துக்கு இது இழுக்கு என்போர் உவமையை மறுபடி வாசிக்கலாம்: சமாரியன் பிரசங்கம் செய்யவில்லை, வழியில் அடிபட்டுக் கிடந்தவனின் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்து, சத்திரக்காரனிடம் செலவுக்குப் பணமும் கொடுத்தான். இலங்கையில் 1974இல் தொடங்கிய சுமித்ரயோ, சென்னையில் 1986இல் தொடங்கிய சினேகா ஆகிய அமைப்புகள் இரண்டும் மதச்சார்பின்றி, இதேபோல் தன்னார்வலர்களைக் கொண்டு இயங்குகின்றன.