கெட்டுப்போன படங்களும் வேண்டும்!

(இளம் அறிவியல் - இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

நிலவைக் காட்டிச் சோறூட்டாத தாய் இல்லை. நிலவைப் பாடாத கவிஞனும் இல்லை. ஆனால், அந்த நிலவில் மனிதன் கால் வைத்தானா என்று கேட்டால், இன்றைக்கும் தயங்குவோர் நம்மிடையே உண்டு. என் தந்தையாரும் அவர்களுள் ஒருவர். அரிசி மண்டியில் மூட்டை தூக்குபவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆகவே, வீட்டில் எந்த ஐயம் எழுந்தாலும் அது என்னிடம்தான் வந்து நிற்கும்.

"ஏம்மா, நெசமாவே மனுசன் அங்க போனானா, இல்ல சினிமாக்காரன் மாதிரி செட்டு போட்டு எடுத்தானா?" என்று ஒருநாள் இரவு கேட்டார்.

உலகமறிந்த அந்தப் படத்தைக் கைப்பேசியில் எடுத்துக் காட்டினேன். 1969 ஜூலை 20 அன்று நிலவில் இறங்கிய அப்பல்லோ 11 பயணத்தில் நீல் ஆர்ம்ஸ்ட்ராங் எடுத்த ஆல்ட்ரின் படம் அது. அப்பா உற்றுப் பார்த்துவிட்டு, "கல்யாண ஆல்பம் மாதிரி ரொம்பத் திருத்தமா இருக்கே கண்ணு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. படித்த திமிரில் கொஞ்சம் கோபமும் வந்தது. ஆனால் தேடிப் படித்தபோது, அவர் சந்தேகத்திலும் ஒரு நியாயம் இருக்கக் கண்டேன்.

நாம் பார்த்துப் பழகிய அந்தப் படம் திருத்தப்பட்டதுதான்! மூலப் பிலிமில் காட்சி சற்றே சாய்ந்திருக்கிறது. ஆல்ட்ரினின் தலைக்கவசத்தை ஒட்டினாற்போல் படம் முடிந்துவிடுகிறது. முதுகுப்பையின் மேலிருந்த ஆண்டெனா படத்துக்குள் வரவில்லை. பத்திரிகைகளுக்குத் தந்தபோது மேலே கறுப்பு வானத்தைச் சேர்த்து அழகுபடுத்திவிட்டார்கள். பொய் சொல்லும் எண்ணத்தில் செய்ததன்று. பார்வைக்கு நன்றாக இருக்கட்டுமே என்று செய்தது. ஆனால், மூலம் எங்கே, திருத்தம் எங்கே என்று சொல்லாமல் விட்டால், ஐயம் கொள்பவனைக் குறை கூற நமக்கு உரிமை ஏது?

பிறகு, அந்த நிலா நடையில் எடுத்த பிலிம் சுருள் முழுவதையும் வரிசையாகக் காட்டினேன். கலங்கிய படம், பாதி வெட்டுப்பட்ட படம், வெறும் மண்ணை எடுத்த படம், வெயில் லென்சில் அடித்து வெளுத்த படம் எல்லாம் அதில் உண்டு. அப்பா ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "பொய்யா எடுக்கிறவன் இத்தன கெட்டுப்போன படத்தப் பத்திரப்படுத்தி வெச்சிருக்க மாட்டான்" என்றார். இது மட்டுமே முழு நிரூபணம் ஆகாது. அதற்கு அவர்கள் கொண்டுவந்த பாறைகள் இருக்கின்றன. ஆனாலும், கெட்டுப்போன படத்துக்கும் ஒரு சாட்சி மதிப்பு உண்டு என்பதை மூட்டை தூக்குபவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

நிற்க. "படம்தான் ஊருலகமெல்லாம் அச்சாகிவிட்டதே, பழைய பிலிமைக் கட்டிக் காக்க இத்தனை செலவு எதற்கு?" என்று என் வகுப்புத் தோழி கேட்டாள். இரண்டு நிகழ்ச்சிகளைப் பதிலாகச் சொன்னேன்.

முதலாவது, காப்பாற்றியதால் கிடைத்தது. அப்பல்லோ 11 நடையில் பெரும்பாலும் ஆர்ம்ஸ்ட்ராங் கையில்தான் காமிரா இருந்தது. எனவே, நிலவில் முதன்முதல் கால் வைத்தவருக்கு அங்கே ஒரு நல்ல புகைப்படம்கூட இல்லை என்றே நெடுநாள் நம்பினர். 1980களில் சிலர் மூலப் படங்களைத் துருவி ஆராய்ந்தனர். சுற்றுப்புறத்தைக் காட்ட ஆல்ட்ரின் வரிசையாக எடுத்த படங்களுள் ஒன்றில், இறங்குகலத்தின் அருகே முதுகு காட்டி நின்று வேலை செய்துகொண்டிருந்தார் ஆர்ம்ஸ்ட்ராங்! 'வெறும் சுற்றுப்புறம்தானே' என்று அதை எறிந்திருந்தால் என்னவாகியிருக்கும்?

இரண்டாவது, காப்பாற்றாததால் இழந்தது. நிலவிலிருந்து வந்த தொலைக்காட்சிக் காட்சி நொடிக்குப் பத்துப் படம், 320 கோடுகள் என்ற தனி முறையில் வந்தது. வீட்டுத் தொலைக்காட்சிக்கு ஏற்ப அதை மாற்றியபோது தெளிவு குறைந்தது. மாற்றுவதற்கு முந்தைய தெளிவான காட்சி காந்த நாடாக்களில் தனியே பதிவாகியிருந்தது. பின்னாளில் நாடாப் பஞ்சம் வந்தபோது, அவற்றை அழித்து வேறு பதிவுகளுக்குப் பயன்படுத்திவிட்டனர் என்பதை நாசாவே 2009இல் ஒப்புக்கொண்டது. தொலைக்காட்சி நிலையங்களில் எஞ்சிய பிரதிகளைத் தேடிப்பிடித்துத்தான் அவ்வாண்டு காட்சியைச் சீரமைக்க முடிந்தது. நிலவுக்கே போய்வந்த நாடு, நாடாவைப் பேணத் தவறியது! அழித்தவர்கள் தீயவர்கள் அல்லர்; அன்றைய தேவைக்கு அன்றைய சிக்கனம். ஆனால் அழிந்தது அழிந்ததுதான்.

பிலிம் விஷயத்தில் அத்தவறு நேரவில்லை. பாரத்தைக் குறைக்கக் காமிராக்களைப் பெரும்பாலும் நிலவிலேயே விட்டுவிட்டு, பிலிம் பெட்டிகளை மட்டும் வீரர்கள் கொண்டுவந்தார்கள். அந்த மூலச் சுருள்கள் ஹூஸ்டனிலுள்ள ஜான்சன் விண்வெளி மையத்தில் உறைகுளிர் அறையில் இருக்கின்றன. வண்ணப் பிலிமின் சாயங்கள் மெல்ல மெல்லச் சிதைபவை. வெப்பம் குறையக் குறைய வேதிவினையின் வேகமும் குறையும். நாம் ஆய்வகத்தில் படிக்கும் அதே விதிதான் அங்கே வரலாற்றைக் காக்கிறது. 2007 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் நாசாவுடன் சேர்ந்து, இம்மூலங்களை நுட்பமாக ஸ்கேன் செய்து பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது.

சீரமைப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்தைச் சேர்ந்த ஆண்டி சாண்டர்ஸ் என்பவர், திரைப்படச் சுருளின் அடுத்தடுத்த பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தெளிவாக்கினார். பிலிமின் மணல்போன்ற புள்ளிகள் படத்துக்குப் படம் இடம் மாறும். உண்மையான உருவம் மாறாது. அடுக்கிச் சராசரி எடுத்தால் புள்ளி மங்கும், உருவம் நிற்கும். இப்படித்தான் தலைக்கவசத்துக்குள் ஆர்ம்ஸ்ட்ராங்கின் முகம் தெரிந்தது. இல்லாத வானத்தைச் சேர்ப்பது வேறு. இருக்கும் முகத்தை மீட்பது வேறு. இந்த வேறுபாட்டை நாம் உணர வேண்டும். கேட்டதும் கணிப்பொறி படம் வரைந்து தரும் இக்காலத்தில் இது மிகவும் தேவை.

ஆகவே என் கருத்து இதுதான். மூலப் பிலிமில் எவர் கையும் படக்கூடாது. நல்லது கெட்டது என்று பிரிக்காமல் ஒவ்வொரு படமும் எல்லார் பார்வைக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். சீரமைத்த படத்தின் கீழே, என்ன மாற்றினோம் என்று எழுதி, மூலத்தையும் பக்கத்தில் வைக்க வேண்டும். இதில் பெருஞ்செலவு ஒன்றுமில்லை; நேர்மை ஒன்றே போதும்.

1969க்கும் 1972க்கும் இடையே நிலவில் நடந்தவர்கள் பன்னிருவர். ஆர்ம்ஸ்ட்ராங் 2012இல் மறைந்தார். மற்றவர்களிலும் பலர் இன்று இல்லை. நேரில் கண்டவர்கள் எல்லாரும் போனபின் எஞ்சப்போவது அந்தச் சுருள்கள்தாம். நாளை எந்த ஊரிலோ ஒரு தகப்பன் தன் மகளைப் பார்த்து "நெசமாம்மா?" என்று கேட்பான். அவள் காட்டுவதற்கு அழகான படம் ஒன்று மட்டும் போதாது, நண்பர்களே! கலங்கியதும் சாய்ந்ததும் வெட்டுப்பட்டதுமாய் முழுச் சுருளும் வேண்டும்.