மீசைக்கு உண்டு, உயிருக்கு இல்லை

தூக்க நோய் என்றதும், "ஆபீசில் எல்லோருக்கும் இருந்ததுதானே சார்!" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கிற விஷயம் இல்லை. ஆப்பிரிக்காவில் செட்சி என்ற ஈ கடித்துப் பரவும் நோய் அது. கிருமி மூளைக்கு ஏறினால் பகலில் தூக்கம், இரவில் விழிப்பு, புத்தி பேதலிப்பு, கடைசியில் மரணம். பழைய மருந்தான மெலார்சோப்ரால் பாஷாணம் கலந்தது. ஊசி போட்ட நூறு பேரில் சுமார் ஐந்து பேரை அந்த மருந்தே கொன்றது.

புற்றுநோய்க்கென்று உருவாக்கிய எஃப்ளார்னித்தின் இந்த நோய்க்குக் கேட்டது. 1990இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. நினைவிழந்து கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். ஆனால் அது தேவைப்பட்டவர்கள் காங்கோ, சூடான், உகாண்டா ஏழைகள். லாபம் இல்லையென்று 1995 வாக்கில் உற்பத்தியை நிறுத்தினார்கள். 2000இல் அதே மருந்து, பெண்களின் முகத்தில் வளரும் முடியைக் குறைக்கும் களிம்பாகக் கடைக்கு வந்தது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு ஊரைக் கூட்டிச் சத்தம் போட்ட பிறகு, 2001இல்தான் அவெந்திஸ் கம்பெனி உலக சுகாதார நிறுவனத்துக்கு மருந்தை இலவசமாகத் தர ஒப்புக்கொண்டது.

இதைச் சொன்னால் உடனே பெண்களின் அலங்கார ஆசையைத் திட்டக் கிளம்புகிறார்கள். அது தப்பு. மீசை அரும்பியதால் வெளியே வரக் கூசும் பெண்ணின் வேதனையும் வேதனைதான். களிம்பு தாராளமாக வரட்டும். அதற்கு ஓடுகிற ஆலை உயிருக்கு ஏன் ஓடவில்லை என்பதே என் கேள்வி.

ஆப்பிரிக்கா கதைதானே என்று ஒதுக்கவும் முடியாது. 2004இல் மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் ஒரு விவசாயியின் இரத்தத்தில், கால்நடைகளுக்கு வரும் 'சர்ரா' நோயின் கிருமி இருந்தது. தூக்க நோய்க் கிருமிக்கு அது பங்காளி. அவரைக் காப்பாற்றிய சுராமின் மருந்து உலக சுகாதார நிறுவனம் கொடுத்துத்தான் கிடைத்தது. பாடாலூர்ப் பக்கம் மாடு கட்டும் வீடுகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

நம் கையில் என்ன இருக்கிறது? 2008இல் குன்னூர் பாஸ்டியர் நிலையம், கிண்டி பி.சி.ஜி. நிலையம், கசௌலி நிலையம் மூன்றுக்கும் தடுப்பூசி தயாரிக்கும் உரிமத்தை நிறுத்திவைத்தார்கள். 2010இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். செங்கல்பட்டில் கட்டிய தடுப்பூசி வளாகம் கொரோனா நேரத்திலேயே சும்மா கிடந்தது.

நஷ்டம் என்று தெரிந்தும் கிராமத்துக்கு டவுன் பஸ் விடுகிறோம். யாரும் கணக்குக் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. லாபம் தராத மருந்தையும் அரசு அப்படித்தான் செய்து வைக்க வேண்டும். வியாபாரிக்கு லாபம் பார்க்கும் உரிமை உண்டு. சர்க்காருக்குக் கிடையாது.